தோலில் வெள்ளை விழுந்தால் தைரொயிட் டெஸ்ட் எதற்கு?

நிலாவெளிக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலைப் பக்கம் உள்ளவர்கள் யாராவது இதைப் பார்த்தால் கட்டாயம் பதில் போடுங்கள்.

என் மகள் இந்த வருடம் ஓஎல் சோதனை எடுக்கிறாள். கொஞ்ச நாளைக்கு முன் வலது கை விரல் மொளிகளில் வெள்ளை விழத் தொடங்கியது. தேமல் என்று ஒரு பார்மசியில் பூசுமருந்து தந்தார்கள், மாறவில்லை. இப்போது இடது கண்ணோரத்திலும் ஒரு வெள்ளை. தோல் கிளினிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் அறையை இருட்டாக்கி, ஒரு ஊதா வெளிச்சத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். வெளியில் நாங்கள் கண்டது விரல் மொளியில் மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் மணிக்கட்டு வரைக்கும் பளீரென்று தெரிந்தது. வெண்படை என்றார். பூச ஒரு களிம்பு எழுதினார், கூடவே இரத்தத்தில் டிஎஸ்எச், தைரொயிட் பிறபொருளெதிரி என்று டெஸ்டும் எழுதித் தந்தார்.

"தோலைக் காட்டப் போன பிள்ளைக்குத் தொண்டையில் என்ன பார்வை?" என்று மாமி கேட்கிறா. எனக்கும் பதில் தெரியவில்லை. கிளினிக்கில் அன்றைக்குச் சரியான சனம், நின்று கேட்க முடியவில்லை. பிள்ளையின் கழுத்தில் வீக்கம் ஒன்றும் இல்லை. களைப்பாக இருக்கிறது என்கிறாள், ஆனால் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை களைக்காமல் இருக்குமா? இந்த டெஸ்ட் அவசியம்தானா? தைரொயிட்டுக்கு மருந்து எடுத்தால் வெள்ளை மாறுமா? வீட்டில் இதைப் பற்றிக் கதைத்தாலே அவள் எழும்பிப் போய்விடுகிறாள்.

ஓய்வுத்தாதி

தங்கச்சி, அந்த டெஸ்டைக் கட்டாயம் செய்யுங்கள். டொக்டர் எழுதியது மிகச் சரி. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள், தோல் கிளினிக்கிலும் இருந்திருக்கிறேன்.

தோலுக்கு நிறம் தருகிற உயிரணுக்கள் இருக்கின்றன, மெலனோசைட் என்பார்கள். நம்மை நோயிலிருந்து காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி அந்த உயிரணுக்களையே தாக்கி அழிப்பதுதான் வெண்படை. கிருமி இல்லை, தொற்றாது. பிள்ளை என்ன சாப்பிட்டாள், எங்கே குளித்தாள் என்பதோடும் இதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்படி ஆள் மாறித் தாக்குகிற எதிர்ப்புச் சக்தி சிலரில் ஒரு இடத்தோடு நிற்காது. அது அதிகமாகப் போகிற அடுத்த இடம் தைரொயிட் சுரப்பி. வெண்படை உள்ளவர்களைப் பற்றி உலகத்தில் பல இடங்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்குத் தைரொயிட் நோய் இருந்தது. இரத்தத்தில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரி, அதாவது அதைத் தாக்க எதிர்ப்புச் சக்தி உண்டாக்குகிற பொருள், இருந்தவர்கள் 20 பேர் அளவில். பொதுச் சனத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. பெண்பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம் வேண்டும், தைரொயிட் கோளாறு பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம்.

இன்னொரு விஷயம். அநேகம் பேரில் வெள்ளைதான் முதலில் வரும், தைரொயிட் பிறகு வரும், சில நேரம் வருடக்கணக்கில் பிந்தி வரும். அதனால்தான் கழுத்தில் வீக்கம் இல்லாத பிள்ளைக்கும் இரத்தம் பார்க்கிறார்கள். வீக்கம் தெரியும்வரை காத்திருந்தால் பிந்திவிடும்.

வெள்ளை மாறுமா என்று கேட்டீர்கள். தைரொயிட் மருந்தால் மாறாது. அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், பிறகு ஏமாற்றம் வேண்டாம்.

கிண்ணியா நானா

ஓய்வுத்தாதி ராத்தா சொன்னதற்கு நானே சாட்சி. எனக்கு வாலிபத்திலேயே வெண்படை வந்தது. உதடு, இரண்டு கை, முழங்கால். அந்தக் காலத்தில் யாரும் தைரொயிட் என்ற பெயரே எடுக்கவில்லை.

பல வருடம் கழித்துத்தான் உடம்பு மாறத் தொடங்கியது. கடையில் பின்னேரம் ஆனால் கண் சொருகும். குரல் தடித்துப் போனது. தராவீஹ் தொழுகையில் நிற்க ஏலாமல் உட்கார்ந்துவிடுவேன். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டு இருக்க, எனக்குக் குளிரும். வயது போகிறது என்று வீட்டில் சொன்னார்கள். சீனி, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கடைசியில் ஒரு இளம் டொக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "இந்த வெள்ளை எப்ப இருந்து?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் டிஎஸ்எச் டெஸ்ட் எழுதினார். தைரொயிட் சுரப்பது குறைந்தால் கூடுகிற அளவு அது, எனக்கு மிகக் கூடிப் போயிருந்தது.

தைரொயிட் சுரக்க வேண்டிய தைரொக்சினைக் குளிசையாகத் தொடங்கினேன். அல்ஹம்துலில்லாஹ், பழைய ஆளாக எழும்பினேன். அந்தக் குளிசையால் வெள்ளை மட்டும் மாறவில்லை. அது வேறு மருந்து, இது வேறு மருந்து. ஆனால் தங்கச்சி, அந்த வெள்ளைதான் எனக்கு உள்ளே இருந்த நோயைக் காட்டிக்கொடுத்தது. உங்கள் மகளுக்கு இவ்வளவு சீக்கிரம் அந்தக் கேள்வியைக் கேட்ட டொக்டர் கிடைத்திருக்கிறார். மாமியிடம் அதைச் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தார்

எல்லோரும் இரத்தம், குளிசை என்று பிள்ளையைப் பயப்படுத்த வேண்டாம். எங்கள் பக்கத்தில் பரம்பரை வைத்தியர் கார்போகரிசி அரைத்துப் பூசி வெயில் காட்டச் சொல்லுவார். நிறம் திரும்பினவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதோடு மீனும் தயிரும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மரவள்ளிக் கிழங்கும் தைரொயிட்டுக்குக் கூடாதாம். முதலில் பத்தியம் இருக்கட்டும், பிறகு டெஸ்ட் பார்க்கலாம்.

ஓய்வுத்தாதி

ஐயா, கார்போகரிசியில் உண்மையிலேயே மருந்து இருக்கிறது. சோரலென் என்ற பொருள் அது. தோலை வெயிலுக்குக் கூருணர்வாக்கும். எகிப்தில் நைல் நதிக்கரையில் வளர்கிற வேறொரு செடியிலும் அதே இனப் பொருள் உண்டு. 1940களில் அங்குள்ள டொக்டர்மார் அதைப் பிரித்தெடுத்து வெண்படைக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்த ஒளிச்சிகிச்சைக்கு அதுதான் அடி. ஆகவே பழைய வைத்தியர்கள் கண்டதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அளவு யார் பார்ப்பது? எங்கள் ஊர் வெயிலில் எவ்வளவு நேரம் என்று யார் கணக்கு வைப்பது? கார்போகரிசி பூசிக்கொண்டு வெயிலில் நின்ற பெண் ஒருவரை வார்டில் பார்த்திருக்கிறேன். புறங்கை முழுக்கத் தண்ணீர்க் கொப்புளம், தோல் உரிந்து, துணி பட்டாலே அழுவா. வெண்படை உள்ளவருக்குத் தோல் காயப்பட்டால், எரிபட்டால், அந்த இடத்திலேயே புதிதாக வெள்ளை பிடிக்கும் குணம் உண்டு. அந்தப் பெண்ணுக்கும் அதுதான் நடந்தது, இருந்ததை விடப் பரவியது. உள்ளுக்குச் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களும் உண்டு. பிள்ளையின் கண்ணோரத்தில் இதைப் பூசவே கூடாது.

மீன், தயிர் கதைக்கு ஆதாரம் இல்லை. திருகோணமலைக் கரையில் மீன் இல்லாத சாப்பாடு ஏது? வளர்கிற பிள்ளைக்கு மீனையும் தயிரையும் நிறுத்தினால் புரதமும் கல்சியமும்தான் குறையும். மரவள்ளியைப் பற்றிச் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதிலிருந்து உடம்பில் உண்டாகிற ஒரு பொருள், தைரொயிட் அயடினை எடுப்பதைத் தடுக்கும். அயடின் குறைந்த இடத்தில், நாளாந்தம் மரவள்ளியையே முக்கிய உணவாகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அது பிரச்சினையாகும். இலங்கையில் 1995இலிருந்து உப்புக்கு அயடின் சேர்க்கிறார்கள். வடிவாக அவித்து, கட்டச் சம்பலோடு எப்போதாவது சாப்பிடுவதால் ஒன்றும் வராது.

தம்பலகாமத்தார்

விளக்கத்துக்கு நன்றி பிள்ளை. கொப்புளம் வரும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அப்படியென்றால் அயடினைக் கூடுதலாகக் கொடுத்தால் தைரொயிட் பலப்படாதா? கடற்பாசி மாத்திரை என்று ஒன்று விற்கிறார்களே.

வெள்ளைக் கோட்டு

ஐயா, அது வேண்டாம். நான் கடைசி வருட மருத்துவ மாணவி, சொந்த ஊர் பாலையூற்று. எதிர்ப்புச் சக்தி தாக்குகிற தைரொயிட்டுக்கு அயடினை அள்ளிக் கொடுத்தால் நோய் கூடலாம். முந்தி இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில்தான் தொண்டைக் கழலை அதிகம். அது அயடின் குறைவால் வந்த நோய். நாம் இங்கே கதைப்பது எதிர்ப்புச் சக்தி தைரொயிட்டைத் தாக்குகிற ஹஷிமோட்டோ நோயைப் பற்றி. 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டொக்டர் நான்கு பெண்களின் தைரொயிட் சுரப்பியை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அது முழுக்க வெள்ளைக் குருதிக் கலங்கள் புகுந்திருந்ததைக் கண்டு எழுதினார். அதே வகை வெள்ளைக் கலங்கள்தான் வெண்படையில் தோலுக்குள் புகுந்து நிறக் கலங்களைக் கொல்கின்றன.

இரண்டுக்கும் பொதுவான பரம்பரை அலகுகளும் உண்டு. எதிர்ப்புச் சக்திக்கு "இது நம்முடையது, தொடாதே" என்று கற்றுக்கொடுக்கிற வேலையோடு சம்பந்தப்பட்ட அலகுகள் அவை. அதனால்தான் ஒரே குடும்பத்தில் அம்மாவுக்குத் தைரொயிட், மகனுக்கு வெண்படை, சித்திக்குத் தலையில் புழுவெட்டு, மச்சாளுக்கு இன்சுலின் ஊசி போடுகிற சின்ன வயதுச் சீனி வருத்தம் என்று காண்கிறோம். வெளியில் பார்க்க எல்லாம் வேறு வேறு நோய்.

நிலாவெளி அக்கா, உங்கள் வீட்டில் அப்படி யாருக்காவது உண்டா? டொக்டர் கேட்பார், தெரிந்துகொண்டு போங்கள்.

நிலாவெளிக்காற்று

தங்கச்சி, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். என் அம்மாவின் தங்கைக்குத் தைரொயிட், பல வருடமாகக் குளிசை எடுக்கிறா. என் கணவரின் அண்ணருக்கு முப்பது வயதுக்குள்ளேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. அதுவும் இதில் சேருமா?

இரத்தம் நாளைக்குக் கொடுக்கப் போகிறோம். வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

ஆய்வுகூடத் தம்பி

அக்கா, டிஎஸ்எச்சுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை. ஆனால் காலையில் கொடுப்பது நல்லது, அடுத்த முறையும் அதே நேரத்தில், முடிந்தால் அதே லாப்பில் கொடுங்கள். லாப்புக்கு லாப் கருவி வேறு, சாதாரண அளவும் கொஞ்சம் வேறுபடும். பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை என்று ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டை வைத்துப் பார்க்கக் கூடாது.

ஒரு முக்கியமான கேள்வி: பிள்ளை முடிக்கு, தோலுக்கு, நகத்துக்கு என்று ஏதாவது விற்றமின் குளிசை எடுக்கிறாளா? அவற்றில் பயோட்டின் இருக்கும். நம் உடம்புக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் அளவு போதும். இந்தக் குளிசைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறார்கள். பல லாப் கருவிகள் அளவிடுகிற முறையிலேயே பயோட்டின் ஒரு பாகம். இரத்தத்தில் அது நிரம்பி இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், தைரொக்சின் பொய்யாகக் கூடியும் காட்டும். நோய் இருக்கிறவருக்கு ஒன்றும் இல்லை என்று வரும், இல்லாவிட்டால் தலைகீழான நோய் இருப்பதாக வரும். தோல் பிரச்சினைக்காரர்தான் இந்தக் குளிசையைத் தேடி வாங்குகிறார்கள், தைரொயிட் டெஸ்டுக்கும் அவர்கள்தான் வருகிறார்கள். எடுத்தால் இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வாருங்கள், லாப்பிலும் சொல்லுங்கள்.

நிலாவெளிக்காற்று

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி கொடுத்த குளிசைப் போத்தல் மேசையில் இருக்கிறது. பயோட்டின் என்றுதான் போட்டிருக்கிறது. நாளைக்குப் போகவில்லை, அடுத்த கிழமை போகிறோம்.

மூதூர்ப் பிள்ளை

எனக்கு ஹஷிமோட்டோ இருக்கிறது, வெண்படை இல்லை. என் பிரச்சினை மறுபக்கம். கன்னத்தில் இரண்டு பக்கமும் மங்கு விழுந்து கறுத்துப் போயிருக்கிறது. கழுத்தும் கறுப்பு. எல்லோரும் "உனக்குத் தைரொயிட் தானே, அதுதான்" என்கிறார்கள். தைரொயிட்டால் கறுக்கவும் செய்யுமா?

வெள்ளைக் கோட்டு

அக்கா, இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். கறுப்பு எல்லாவற்றையும் தைரொயிட்டின் தலையில் கட்டிவிட்டால் வேறொன்று தப்பிப் போகும்.

மங்குக்கு முக்கிய காரணங்கள் வெயில், கர்ப்பம், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை, பரம்பரை. மங்கு உள்ள பெண்களில் தைரொயிட் பிறபொருளெதிரி கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன, ஆனால் தைரொயிட்டைச் சரிசெய்தால் மங்கு போகும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். கழுத்து, கக்கத்தில் வெல்வெட் மாதிரித் தடித்த கறுப்பு என்றால் அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். நிறையும் சீனியும் பார்க்க வேண்டும்.

தைரொயிட் குறைந்தால் தோலில் பொதுவாகத் தெரிவது வேறு: வரட்சி, குளிர்ச்சி, வெளிறல், புருவத்தின் வெளிப்பாதி உதிர்வது. சிலருக்கு உள்ளங்கை மஞ்சள் பூக்கும், கரட், பப்பாசியில் உள்ள கரோட்டினை உடம்பு மாற்ற முடியாமல் தேங்குவதால். தைரொயிட் கூடினவர்களில் சிலருக்குத்தான் தோல் கறுக்கும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. உள்ளங்கை ரேகை, பல் முரசு, பழைய காயத் தழும்பு கறுத்து, கூடவே நிறை குறைந்து, எழும்பும்போது தலைசுற்றி, உப்புக்கு ஆசை வந்தால் அது அடிசன் நோயாக இருக்கலாம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியை எதிர்ப்புச் சக்தி அழிப்பது அது. தோமஸ் அடிசன் என்ற லண்டன் டொக்டர் 1855இல் விவரித்தார். அரிதான நோய்தான், ஆனால் ஹஷிமோட்டோவோடும் வெண்படையோடும் சேர்ந்து வரக்கூடியது. அதைக் கண்டுபிடிக்காமல் தைரொக்சின் மட்டும் தொடங்கினால் ஆள் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டும் இருந்தால் அடிசனுக்குரிய மருந்துதான் முதலில். ஆகவே தைரொயிட் குளிசை தொடங்கினபின் ஒருவர் இன்னும் மோசமாகிறார் என்றால் "மருந்து ஒத்துவரவில்லை" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அதே மாதிரி பி12 குறைந்தாலும் விரல் மொளி கறுக்கும், முடியும் சீக்கிரம் நரைக்கும். நிலாவெளி அக்கா கேட்ட நரைக்கு இதுவும் ஒரு பதில். சீக்கிர நரை பெரும்பாலும் வெறும் பரம்பரைதான், ஆனால் பி12ஐ வயிறு உறிஞ்ச முடியாமல் போகிற நோயும் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறித் தாக்குகிற இந்தக் கூட்டத்தில் ஒன்று.

மூதூர்ப் பிள்ளை

நன்றி தங்கச்சி. உள்ளங்கையும் முரசும் கறுப்பில்லை, பார்த்துவிட்டேன். கழுத்துக்குச் சீனி டெஸ்ட் செய்கிறேன். நாங்கள் குழந்தைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுதான் கூடுதல் பயம்.

ஓய்வுத்தாதி

பிள்ளை, அதை இப்போதே கிளினிக்கில் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் வயிற்றில் உள்ள குழந்தை தாயின் தைரொக்சினை நம்பித்தான் இருக்கும், அதன் மூளை வளர்வது அதில்தான். கர்ப்பம் தரித்ததும் குளிசை அளவு கூட்ட வேண்டி வரும். நாள் தள்ளினால் மிட்வைஃப் வீட்டுக்கு வரும்வரை பொறுக்காமல் டிஎஸ்எச் பாருங்கள். குளிசையை நிறுத்தவே வேண்டாம்.

குளிசையை எப்படி எடுக்கிறீர்கள்? எங்கள் சனம் விடிந்ததும் தேத்தண்ணி குடிக்காமல் கட்டிலை விட்டு இறங்காது. தைரொக்சினுக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான், தேத்தண்ணிக்கு அரை மணி, ஒரு மணி பொறுக்க வேண்டும். இரும்பு, கல்சியம் குளிசைகளோடு நாலு மணி இடைவெளி. கர்ப்பிணிக்கு அந்த இரண்டையும் கொடுப்பார்கள், எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிட்டு "குளிசை வேலை செய்யவில்லை" என்று வருவார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு கப் தண்ணீரும் குளிசையும் வைத்துவிட்டுப் படுங்கள், அது போதும்.

உவர்மலை டீச்சர்

நான் பாடசாலைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். வெள்ளை எல்லாம் வெண்படை இல்லை என்பதைத் தாய்மார் தெரிந்திருப்பது நல்லது. என் வகுப்புப் பிள்ளைகளில் அதிகம் காண்பது தேமல்தான். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு முதுகிலும் கழுத்திலும் வரும், சுரண்டினால் மாவாக உதிரும், அது பங்கசு. என்னோடு படிப்பிக்கிற டீச்சர் ஒருவருக்கு நெற்றியில், ஒட்டுப்பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வட்டமாக வெள்ளை விழுந்தது. பொட்டின் பசையில் உள்ள இரசாயனம் நிறக் கலங்களைக் கொல்லுமாம். ஒட்டுப்பொட்டை விட்டுக் குங்குமத்துக்கு மாறினா, மருந்தும் பூசினா, இப்போது பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. ரப்பர்ச் செருப்பு வார், தலைமுடிச் சாயம், முகத்தை வெள்ளையாக்குகிற பெயர் தெரியாத கிரீம், இவையும் இதைச் செய்யும்.

உணர்ச்சி குறைந்த வெளிறிய படை என்றால் தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும், அதற்கும் இலவசமாக முழுச் சிகிச்சை உண்டு. வெண்படையில் தொட்டால், குத்தினால், சுட்டால் எல்லாம் தெரியும். இதைத் தெரியாததால்தான் பிள்ளைகள் வெண்படை உள்ள ஒருத்தியின் பக்கத்தில் இருக்க மறுக்கிறார்கள். முன்பு எங்கள் பாடசாலையில் அப்படி ஒன்று நடந்தபோது விஞ்ஞான பாடத்திலேயே எடுத்துச் சொன்னோம். மைக்கல் ஜாக்சன் 1993இல் உலகமே பார்த்த டிவி பேட்டியில் தனக்கு இந்த நோய் என்று சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவரை எல்லோருக்கும் தெரியும். நிலாவெளித் தங்கச்சி, மகளின் வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்க் கதையுங்கள். அவள் கதைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நிலாவெளிக்காற்று

ரிப்போர்ட் வந்துவிட்டது. டிஎஸ்எச் 6.9. தைரொக்சின் சாதாரண அளவுக்குள். பிறபொருளெதிரி மிகவும் கூடியிருக்கிறது. டொக்டர் குளிசை தரவில்லை, மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்கிறார். எனக்குப் பயம். நோய் இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் மருந்து தரவில்லை? வேறு இடத்தில் காட்டவா?

வெள்ளைக் கோட்டு

அக்கா, அவர் செய்தது முறையான வழி. தைரொயிட் தாக்கப்படத் தொடங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் தேவையான அளவு சுரக்கிறது. டிஎஸ்எச் என்பது மூளை தைரொயிட்டுக்கு அனுப்புகிற கட்டளை. கட்டளையைக் கொஞ்சம் உரத்துக் கொடுக்க வேண்டி இருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் சிலருக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, அளவு தானாகவே இறங்கிவிடும். சிலருக்கு ஏறும். அதைப் பார்க்கத்தான் மூன்று மாதம். 10ஐத் தாண்டினாலோ, தைரொக்சின் குறைந்தாலோ, கழுத்து வீங்கினாலோ, உயரம் வளர்வது நின்றாலோ, மாதவிடாய் குழம்பினாலோ குளிசை தொடங்குவார்கள். அந்தத் தவணையை மட்டும் தவறவிடாதீர்கள்.

கிண்ணியா நானா

தங்கச்சி, வேறு இடம் தேடி ஓட வேண்டாம். வெள்ளைக்கு என்ன சொன்னார்? பிள்ளைக்கு இப்போது அதுதானே மனதில் இருக்கும். எனக்கு வயது போன பிறகுதான் ஒளிச்சிகிச்சை கிடைத்தது. குறுகிய அலைவரிசைப் புற ஊதாக்கதிர், 311 நனோமீற்றர் என்பார்கள். கிழமைக்கு இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் போக வேண்டும். முழங்காலில் முதலில் ஒவ்வொரு மயிர்க் காலைச் சுற்றியும் கடுகு தூவினதுபோல் மண்ணிறப் புள்ளி வந்தது. புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்தன. உதட்டிலும் விரல் நுனியிலும் வரவில்லை, அங்கே மயிர்க் கால் இல்லை, நிறக் கலம் வருவதற்கு வழி இல்லை. முகம்தான் எல்லாவற்றையும் விட நன்றாகத் திரும்பும் என்று சொன்னார்கள். மகளின் கண்ணோரத்துக்கு நம்பிக்கை வையுங்கள்.

அமெரிக்காவில் 2022இல் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ருக்சோலிற்றினிப் என்ற களிம்பை அனுமதித்திருக்கிறார்கள், விலையோ மிக அதிகம். இங்கே கிடைப்பதை ஒழுங்காகப் பாவித்தாலே நிறைய மாறும். ஆரம்பத்திலேயே தொடங்குவதுதான் பெரிய விஷயம்.

கலியாணக் கதை பிறகு வரும், சொந்தங்கள் தொடங்குவார்கள். பெற்றார், சகோதரரில் ஒருவருக்கு வெண்படை இருந்தால் மற்றவருக்கு வர நூற்றுக்கு ஆறேழு அளவில்தான் வாய்ப்பு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது நாலில் ஒன்றுக்குக் குறைவு. எனக்குப் பிள்ளைகள் உண்டு, அவர்களில் யாருக்கும் இல்லை.

தம்பலகாமத்தார்

என் பேத்திக்கும் கணுக்காலில் ஒரு வெள்ளை. இதை வாசித்தபின் மருமகளிடம் சொல்லிவிட்டேன், தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. ஒரு காலில் மட்டும், ஒரு பக்கமாக நீளமாக இருக்கிறது. அதற்கும் தைரொயிட் பார்ப்பார்களா?

வெள்ளைக் கோட்டு

ஐயா, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருவது வேறு வகை. சின்ன வயதில் வரும், கொஞ்சக் காலம் பரவி நின்றுவிடும். தைரொயிட்டோடு அதன் தொடர்பு குறைவு. எந்த வகை என்று டொக்டர் பார்த்துச் சொல்லட்டும், டெஸ்ட் வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

நிலாவெளிக்காற்று

நானா, கண்ணோரத்துக்கு டாக்ரோலிமஸ் களிம்பு, கைக்கு ஸ்டீரொயிட் களிம்பு. கண்ணுக்குக் கிட்ட ஸ்டீரொயிட் நெடுகப் பூசினால் கண் அழுத்தம் கூடுமாம், அதனால் இரண்டையும் மாறிப் பூசக் கூடாது என்று போத்தலில் நானே பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். ஓஎல் சோதனை முடிந்ததும் ஒளிச்சிகிச்சைக்குப் பெயர் கொடுக்கிறோம். வகுப்பு டீச்சரிடமும் கதைத்தேன், நல்ல மாதிரி.

இன்னும் ஒன்று மட்டும். தம்பிக்காரன் பத்து வயது, அவனுக்கும் இரத்தம் பார்க்க வேண்டுமா? மாமி இப்போது அவனையும் கூட்டிக்கொண்டு போ என்கிறா.

ஓய்வுத்தாதி

வெள்ளையும் இல்லை, வளர்த்தியும் சரி, களைப்பும் இல்லை என்றால் இப்போது தேவையில்லை தங்கச்சி. அவனுடைய உயரத்தை வருடத்துக்கு ஒருமுறை சுவரில் குறித்து வையுங்கள். நின்றுபோனால், நிறை ஏறினால், மலச்சிக்கல், படிப்பில் மந்தம் என்று ஏதாவது தெரிந்தால் அப்போது பாருங்கள். மகளின் அடுத்த டெஸ்டுக்குப் போகும்போது அந்தக் குளிசைப் போத்தல் மேசையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.